மஞ்சள் போர்டும் வெள்ளை போர்டும்

கார்த்திகை மாதத்தின் கடைசி ஞாயிறு. எங்கள் தெருக்கோடி ஒர்க்‌ஷாப்பில் இரண்டு வண்டிகள் அடுத்தடுத்து நின்றன. ஒன்று என்னுடைய சின்ன பெட்ரோல் கார், வெள்ளை போர்டு. மற்றது எதிர்வீட்டு அண்ணனின் டீசல் டாக்ஸி, மஞ்சள் போர்டு. முன்கண்ணாடியில் ஐயப்பன் படம், டேஷ்போர்டில் காய்ந்த துளசி மாலை. சபரிமலை சீசன் தொடங்கியதிலிருந்து மூன்று நடை பம்பை போய்த் திரும்பிய வண்டி அது. சென்னையிலிருந்து ஒரு நடை போய்வந்தால் 1,400 கிலோமீட்டரைத் தாண்டும். இரண்டுக்கும் அன்று ஆயில் மாற்ற வேண்டும். மெக்கானிக் இரண்டு வண்டிகளின் ஆயில் சேம்பருக்கு அடியிலும் ஒவ்வொரு தட்டை வைத்து, டிரெயின் போல்ட்டைக் கழற்றிவிட்டு, ஆயில் முழுக்க வடியட்டும் என்று டீ குடிக்கப் போனார்.

எனக்கு அப்போது வேறு வேலை இல்லை. குனிந்து இரண்டு தட்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்ஸியின் ஆயில் தார்க் கறுப்பு. ஆனால் அது விழுந்த விதத்தில் ஒரு கனம் இருந்தது. பாகு இறங்குவதுபோல் இடைவெளி விடாமல் இறங்கியது. என் கார் ஆயில் பழுப்பு நிறம். பார்வைக்கு அதுதான் சுத்தம். ஆனால் அது தண்ணீர்போலச் சலசலவென்று கொட்டியது. விரலில் தொட்டு முகர்ந்தால் பெட்ரோல் வாடை. மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிப் பார்த்தேன். அதன் உள்பக்கம் மோரில் ஒதுங்கும் வெண்ணெய்போல வெளிர்மஞ்சளாக ஒரு படலம்.

டாக்ஸி பத்து வாரத்தில் 9,740 கிலோமீட்டர் ஓடியிருந்தது. என் கார் பதின்மூன்று மாதத்தில் 2,860 கிலோமீட்டர். ஓனர் கையேடு 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முந்தியோ அது என்கிறது. மாதக் கணக்கு தாண்டிவிட்டதே என்ற ஒரே காரணத்துக்காகத்தான் நான் போயிருந்தேன். மூன்றாயிரம்கூட ஓடாத ஆயிலை எதற்கு வடிக்க வேண்டும் என்ற மனக்குறை உள்ளூர இருந்தது. மெக்கானிக் திரும்பி வந்து, இரண்டு தட்டிலும் விரலை வைத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

“சார், உங்க ஆயில்தான் செத்துப்போச்சு. அண்ணனோடது இன்னும் உயிரோட இருக்கு.”

அவர் சொன்னது சரியா, சரியென்றால் எப்படி என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: எஞ்சின் ஆயிலுக்குக் கிலோமீட்டர் தெரியாது. எத்தனை மணி நேரம் எஞ்சின் ஓடியது, எத்தனை தடவை ஆறிக் கிடந்து மறுபடி உயிர்பெற்றது, ஒவ்வொரு தடவையும் முழுச் சூட்டுக்கு வந்ததா என்பதெல்லாம்தான் அதன் கணக்கு. நாம் ஓடோமீட்டரைப் பார்க்கிறோம், ஏனென்றால் கண்முன் இருப்பது அதுதான்.

இரண்டு வண்டிகளிலும் டிரிப் மீட்டரில் சராசரி வேகம் காட்டும். என்னுடையது மணிக்கு 14 கிலோமீட்டர். பள்ளிக்கூடம், கறிகாய்க் கடை, ரயில்வே ஸ்டேஷன், மறுபடி வீடு. எதுவும் நான்கு கிலோமீட்டரைத் தாண்டாது. டாக்ஸியின் சராசரி 46. ஓடிய கிலோமீட்டரை இந்த வேகத்தால் வகுத்தால் எஞ்சின் ஓடிய நேரம் கிடைக்கும். என் கார் 204 மணி நேரம். டாக்ஸி 212 மணி நேரம். கிலோமீட்டரில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்த இரண்டு எஞ்சின்களும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் சுழன்றிருக்கின்றன.

நேரம் ஒன்றானாலும் அந்த நேரம் போன விதம் வேறு. மூன்றரை கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று வைத்தால் என் கார் எண்ணூறு தடவைக்கு மேல் ஸ்டார்ட் ஆகியிருக்கும். அதில் பெரும்பாலானவை ஆறிப்போன எஞ்சினில். டாக்ஸி விடியற்காலையில் ஒரு தடவை ஆறிய நிலையில் கிளம்பும், அப்புறம் நாள் முழுக்கச் சூட்டிலேயே இருக்கும். பத்து வாரத்தில் நூறு குளிர்ந்த ஸ்டார்ட் இருந்தால் அதிகம்.

ஆறிய எஞ்சினில் நடப்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வெள்ளை போர்டுக்காரர்களின் தவறெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. அதை ஈடுகட்ட எஞ்சினின் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் ஒட்டி, அங்கிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிச் சேம்பருக்குள் இறங்குகிறது. இது போதாதென்று தண்ணீரும் சேரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும்; காலையில் சைலன்சர் முனையிலிருந்து சொட்டுகிறதே, அதுதான். ஆனால் ஒரு சிறு பங்கு ரிங்குகளின் இடுக்கு வழியே கீழே கசிந்து, குளிர்ந்த இரும்பில் பட்டு நீராகி ஆயிலில் கலக்கிறது. மூடியின் அடியில் நான் பார்த்த வெண்ணெய்ப் படலம் இந்தத் தண்ணீரும் ஆயிலும் கடையப்பட்டு உண்டானது. சென்னையில் கோடையில் இது கண்ணில் படுவது அபூர்வம். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் படும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி.

எஞ்சின் நன்றாகச் சூடேறினால் இந்த இரண்டு விருந்தாளிகளும் ஆவியாகி வெளியேறிவிடுவார்கள். ஆயில் 90, 100 டிகிரிக்கு வந்து அந்தச் சூட்டில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். இங்கேதான் டேஷ்போர்டு முள் நம்மை ஏமாற்றுகிறது. அது காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. கூலன்ட் சில நிமிடங்களில் சூடாகிவிடும். ஆயில் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் வரும். முழுச் சூட்டுக்கு வர இருபது நிமிடம்கூட ஆகலாம். என் பயணம் பதினைந்து நிமிடம். ஆயில் காய்வதற்குள் நான் சாவியைத் திருப்பி எடுத்துவிடுகிறேன். அப்படி எண்ணூறு தடவை.

பெட்ரோல் கலந்த ஆயில் நீர்த்துப்போகும். கிராங்க் ஷாஃப்டும் அதன் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் சுழல்வது நடுவில் நிற்கும் ஆயில் படலத்தால். அந்தப் படலத்தின் தடிமன் சில மைக்ரான். தலைமுடியோடு ஒப்பிட்டால் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த மெல்லிய திரை கிழியாமல் நிற்பது ஆயிலின் பிசுபிசுப்பை நம்பித்தான். தண்ணீர் சேரும்போது இன்னொரு கேடு: எரிபொருள் எரிவதில் உண்டாகும் அமிலங்கள் அதில் கரைந்து உலோகத்தை அரிக்கத் தொடங்கும். புது ஆயிலில் இந்த அமிலத்தை முறிக்கக் கால்சியம் சேர்ந்த ரசாயனங்களைக் கலந்திருப்பார்கள். சுண்ணாம்பில் உள்ள அதே கால்சியம். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். வண்டி வாரக்கணக்கில் ஷெட்டில் நின்றாலும் ஈரமும் அமிலமும் உள்ளேயேதான் இருக்கின்றன. கையேட்டில் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் மாதக் கணக்கும் போடுவதற்குக் காரணம் இதுதான்.

இனி மஞ்சள் போர்டின் பக்கம். டீசல் ஆயிலைக் கறுப்பாக்குவது கரித்தூள். புது ஆயில் ஊற்றி நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினாலே கறுத்துவிடும். எதிர்வீட்டு அண்ணன் முன்பு பல வருடங்களாக இந்தக் கறுப்பைப் பார்த்துப் பயந்து ஐயாயிரத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றிவந்தார். கறுப்பதுதான் அந்த ஆயிலின் வேலை. கரித்தூளின் துகள் ஒரு மைக்ரானுக்கும் சிறியது. ஆயில் ஃபில்டரின் சல்லடைக் கண்கள் அதைவிட மிகப் பெரியவை, அவற்றின் வழியே அது சுலபமாகப் போய்விடும். எனவே அதை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் ஆயிலுக்குள்ளேயே மிதக்கவைக்க ஒரு சேர்மானம் உண்டு. கறுத்த ஆயில் என்றால் அந்தச் சேர்மானம் அழுக்கைச் சுமந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சுமக்க முடியாமல் எப்போது கீழே போடுகிறது என்பதுதான் கேள்வி. அது நிறத்தில் தெரியாது. சி.என்.ஜி.யில் ஓடும் வண்டியின் ஆயில் தேன் நிறத்திலேயே நெடுநாள் இருக்கும். அதைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதும் இதே தவறின் மறுபக்கம்.

அன்று மெக்கானிக் ஒரு சோதனை செய்து காட்டினார். வழவழப்பு இல்லாத ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் இரண்டு ஆயிலிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு வைத்து, ஷெல்ஃபின் மேல் படுக்கையாக வைத்தார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். டாக்ஸி ஆயிலின் கறுப்பு நடுவிலிருந்து ஓரம்வரை சீராக, சாம்பல் வட்டமாகப் பரவியிருந்தது. கரித்தூள் இன்னும் மிதக்கிறது, ஆயிலோடு சேர்ந்து நகர்கிறது என்பதற்கு அது அடையாளம். நடுவில் மை சிந்தியதுபோல் கறுப்பு திட்டாக நின்று, சுற்றிலும் வெறும் எண்ணெய் மட்டும் பரவியிருந்தால் சேர்மானம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமாம். என் ஆயிலின் சொட்டில் கறுப்பு அதிகமில்லை. ஆனால் வெளி விளிம்பில், மற்றதில் இல்லாத அளவுக்கு அகலமான ஒரு வெளிறிய வளையம். அது பெட்ரோல் ஊறிய தடம் என்றார். ஆய்வகச் சோதனைக்கு இது ஈடாகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அட்டையை நான் எறியவில்லை.

ஆயிலையே சோதித்துப் பார்க்கும் வேலையைப் பெரிய அளவில் செய்பவர்கள் ரயில்வேக்காரர்கள். டீசல் லோகோ ஷெட்டுகளில் ஆயிலைச் சோதிக்கவே ஆய்வுக்கூடம் உண்டு. எஞ்சினிலிருந்து கொஞ்சம் ஆயிலை எடுத்து, அதில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு செம்பு, எவ்வளவு ஈயம் கலந்திருக்கிறது என்று நிறமாலைக் கருவியில் பார்ப்பார்கள். செம்பும் ஈயமும் கூடினால் பேரிங் தேய்கிறது; சிலிக்கன் கூடினால் ஏர் ஃபில்டர் வழியே தூசி நுழைகிறது. 1940-களில் அமெரிக்க ரயில்வேக்களில் தொடங்கிய முறை இது. ரத்தப் பரிசோதனை செய்து மருந்து கொடுப்பதைப் போன்றது. நமக்கோ மூன்றரை லிட்டர் ஆயில். அதற்கு ஆய்வகச் செலவு கட்டாது. அதனால்தான் நாம் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

மெக்கானிக்கின் தீர்ப்புக்குப் பலம் சேர்க்கும் ஒரு பழைய சோதனையும் உண்டு. 1996-இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை நியூயார்க் நகரத்தின் 75 டாக்ஸிகளில், புதிதாகப் பிரித்துக் கட்டிய எஞ்சின்களை வைத்து, ஒவ்வொன்றையும் 60,000 மைல் ஓடவிட்டது. சிலவற்றில் 3,000 மைலுக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினார்கள், சிலவற்றில் 6,000 மைலுக்கு. பிறகு எஞ்சின்களைப் பிரித்து அளந்தார்கள். தேய்மானத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நியூயார்க்கின் நெரிசலில், இரவும் பகலும் நின்று நின்று ஓடிய வண்டிகள் அவை. இந்த முடிவை வைத்து “அப்படியானால் எல்லாருமே தள்ளிப் போடலாம்” என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சரியில்லை. அந்த டாக்ஸிகள் ஆறவே இல்லை. ஷிஃப்ட் மாறி ஷிஃப்ட் ஓடியதால் ஆயில் எப்போதும் சூட்டில் இருந்தது. தண்ணீருக்கும் பெட்ரோலுக்கும் அங்கே தங்க இடமில்லை. மஞ்சள் போர்டுக்குக் கிடைத்த நற்சான்றை வெள்ளை போர்டு கடன் வாங்க முடியாது.

அப்படியானால் ஐயாயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லும் பழைய மெக்கானிக்குகளை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் கற்றுக்கொண்டது அம்பாசடரிலும் பத்மினியிலும். கார்புரேட்டர், காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யும் வண்டி, மினரல் ஆயில். சோக் இழுத்த ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் சேம்பருக்குள் இறங்கும். டீசலில் கந்தகம் அதிகம். கந்தகம் எரிந்தால் அமிலம். பி.எஸ்.-2 காலத்தில் டீசலில் பத்து லட்சத்தில் 500 பங்கு கந்தகம் இருக்கலாம். பி.எஸ்.-3-இல் அது 350 ஆனது, பி.எஸ்.-4-இல் 50. 2020 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பி.எஸ்.-6 டீசலில் 10 மட்டும். அமிலத்தின் பெரிய ஊற்றை அடைத்தாயிற்று. இப்போது எரிபொருள் அளந்து தெளிக்கப்படுகிறது. ஆயிலும் மாறிவிட்டது. அந்த எண் அதன் காலத்துக்குச் சரி. அமெரிக்காவிலும் இதே கதைதான்; அங்கே அந்த எண் 3,000 மைல். அது பழங்கணக்கு, உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள் என்று கலிஃபோர்னியா மாநிலத்தின் மறுசுழற்சித் துறையே பிரசாரம் செய்ய வேண்டியிருந்தது.

எதிர்த்திசையில் இன்னொரு தவறு இருக்கிறது. ஐரோப்பாவில் 30,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு வருடம் வரை ஆயில் மாற்றாமல் ஓட்டுகிறார்களே என்று சிலர் கேட்பார்கள். ஃபோக்ஸ்வாகன் அப்படி ஒரு நீண்ட இடைவெளித் திட்டம் வைத்திருப்பது உண்மை. ஆனால் அதற்கென்றே தனித் தரச்சான்று பெற்ற ஆயில், அதைக் கண்காணிக்கும் வண்டி, அந்த ஊர்ச் சாலை எல்லாம் சேர்ந்த ஏற்பாடு அது. அதே நிறுவனம் இந்தியாவில் சொல்வது 15,000 அல்லது ஒரு வருடம்.

விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நானே அதில் தவறினேன். ஃபுல் சிந்தெடிக் ஊற்றியிருக்கிறோம், இரண்டு வருடம் தாங்கும் என்று நினைத்திருந்தேன். சிந்தெடிக் ஆயிலின் பலம் சூட்டைத் தாங்குவதில். சூடு பத்து டிகிரி ஏறினால் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதைச் சிந்தெடிக் நன்றாக எதிர்க்கும். டாக்ஸிக்கு அது நிஜமான லாபம். மலையேற்றம், ஏழு பேர், மேலே லக்கேஜ், ஒரு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ, அதன் பேரிங்கைக் குளிர்விப்பதும் இதே ஆயில். ஆனால் என் வண்டியின் எதிரி சூடே இல்லை. பெட்ரோலும் தண்ணீரும். எவ்வளவு உசத்தியான ஆயிலாக இருந்தாலும் பெட்ரோல் கலந்தால் நீர்த்துத்தான் போகும். என் ஓட்டத்துக்கு, கையேடு சொல்லும் கிரேடில், சொல்லும் தரத்தில் ஒரு ஆயிலை உரிய நாளில் மாற்றுவது, அதைவிட உசத்தியானதை நாள் கடத்தி மாற்றுவதைக் காட்டிலும் நல்லது.

இவ்வளவு நேரம் வெள்ளை, மஞ்சள் என்று இரண்டாகப் பிரித்தேன். பிரிவினை அத்தனை சுத்தமாக நிற்காது. ஆப்பில் சவாரி எடுக்கும் சிட்டி டாக்ஸியும் மஞ்சள் போர்டுதான். நாள் முழுக்க அண்ணா சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிறது. சவாரிக்குக் காத்திருக்கும்போது ஏ.சி. போட்டு ஐட்லிங்கில் கிடக்கிறது. ஓடோமீட்டர் நகராது, எஞ்சின் சுழன்றுகொண்டே இருக்கும். ஃபோர்டு தன் கனரக வண்டிகளின் கையேட்டில் ஒரு மணி நேர ஐட்லிங்கை 25 மைல் ஓட்டமாக, அதாவது 40 கிலோமீட்டராகக் கணக்கிடச் சொல்கிறது. திருவண்ணாமலையில் பயணிகள் தரிசனம் முடித்து வரும்வரை, குழந்தை தூங்குகிறது என்று மூன்று மணி நேரம் ஏ.சி. ஓடினால் 120 கிலோமீட்டர்; மீட்டரில் ஒன்றுகூடச் சேராது. எதிர்வீட்டு அண்ணனின் கணக்கிலும் இப்படிப்பட்ட மணிகள் உண்டு. அவர் டிரிப் மீட்டரில் சராசரி 46-க்கு இறங்கியதே அதனால்தான்.

இதற்கு நேர் எதிராக, எல்லாவற்றிலும் மோசமான நிலை பி.எஸ்.-6 டீசல் காரைச் சொந்த உபயோகத்துக்கு வாங்கி, என்னைப்போல் நாலு கிலோமீட்டர் ஓட்டுவது. அந்த வண்டிகளில் புகையின் கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. அது நிரம்பினால் எஞ்சின் கூடுதல் டீசலைத் தெளித்து, அந்தச் சூட்டில் கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நெடுஞ்சாலையில் தொடர்ந்து கொஞ்ச தூரம் ஓட வேண்டும். நடுவில் வண்டியை நிறுத்தினால் சுத்தம் பாதியில் நிற்கும், தெளித்த டீசலில் ஒரு பகுதி சேம்பருக்குள் இறங்கும். பெட்ரோல்போல் டீசல் சுலபமாக ஆவியாகியும் போகாது. அந்த வண்டியில் ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதில் கூடியிருக்கும். மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் கிலோமீட்டர் எவ்வளவானாலும் சரி, உடனே மாற்ற வேண்டும். ஆயில் குறையவே இல்லை, நல்ல எஞ்சின் என்று அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். இப்படி ஓட்டப்போகிறவர்கள் டீசல் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

கையேடுகளில் இதெல்லாம் இல்லாமல் இல்லை. முன்பக்க அட்டவணையில் 10,000 என்று போட்டுவிட்டு, சில பக்கம் தள்ளி இன்னொரு அட்டவணை இருக்கும், கடுமையான ஓட்டத்துக்கு என்று. எட்டு கிலோமீட்டருக்குக் குறைவான பயணங்களைத் திரும்பத் திரும்பச் செய்வது, நெடுநேரம் ஐட்லிங், தூசிச் சாலை, 32 டிகிரிக்கு மேல் வெயிலில் நகர நெரிசல், டாக்ஸி ஓட்டம். இடைவெளியைப் பெரும்பாலும் பாதியாக்கிவிடுவார்கள். கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் சென்னை, மதுரை, திருச்சியில் கார் வைத்திருக்கும் பாதிப் பேர் இந்த இரண்டாவது அட்டவணைக்காரர்கள். விதிவிலக்கு என்று போட்டிருப்பது நம் ஊரில் விதி. இதை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும்.

வயல்காட்டில் இந்தக் குழப்பம் இல்லை என்பதை நான் பின்னால்தான் கவனித்தேன். டிராக்டர் மீட்டரில் மணி ஓடுகிறது. உழவு, கதிரடிப்பு, டிரெய்லர், நின்ற இடத்தில் பம்ப் ஓட்டுவது எல்லாம் மணிக் கணக்கு. பல டிராக்டர்களுக்கு 250 மணிக்கு ஒரு தடவை ஆயில். ஜே.சி.பி. ஆபரேட்டரிடம் கேட்டால் அவரும் மணியில்தான் சொல்வார். கார்க்காரர்கள் மட்டும் தூரத்தைப் பிடித்துக்கொண்டோம். 1980-களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் கொண்டுவந்த ஆயில் ஆயுள் காட்டி இந்தக் குறையைத்தான் சரிசெய்யப் பார்த்தது. எஞ்சின் எத்தனை சுற்று சுழன்றது, ஆயில் எந்தச் சூட்டில் இருந்தது என்பதை வைத்து மிச்ச ஆயுளைக் கணக்கிடும். ஆயிலை அது தொட்டுப் பார்ப்பதில்லை.

அந்தக் காட்டி இல்லாத வண்டியில் நாமே போட்டுக்கொள்ளக்கூடிய கணக்குதான் அன்று நான் டிரிப் மீட்டரை வைத்துப் போட்டது. 10,000 கிலோமீட்டரைச் சாதாரணக் கலப்பு ஓட்டத்தின் வேகமான 40-ஆல் வகுத்தால் 250 மணி வருகிறது. டிராக்டர்க்காரரின் எண்ணும் அதுவே. இதை ஒரு நிறுவனத்தின் விதியாகச் சொல்லவில்லை. நானாக வைத்துக்கொண்ட அளவுகோல். என் 14 கிலோமீட்டர் வேகத்தில் 250 மணி என்பது 3,500 கிலோமீட்டர். சராசரி 20 வருபவருக்கு 5,000. பழைய மெக்கானிக்குகளின் எண் இங்கே திரும்பி வந்து நிற்கிறது, வேறு காரணத்தோடு. அண்ணனின் 46-க்கு 11,500 வரும். ஆனால் கையேட்டின் 10,000-ஐத் தாண்ட அவருக்கு நான் சொல்லமாட்டேன். வாரன்டி போகும் என்பது ஒரு காரணம், மலையேற்றமும் சுமையும் இன்னொரு காரணம். மணிக் கணக்கு கையேட்டைக் குறைக்கலாம், கூட்டக் கூடாது.

இந்த ஒப்பீட்டில் மஞ்சள் போர்டு தோற்கும் இடம் ஒன்று உண்டு. அது ஆயிலின் அளவு. நெடுந்தூரம் ஓடும் எஞ்சின் கொஞ்சம் ஆயிலைக் குடிக்கும். மாற்றும் நாள் வருவதற்குள் அரை லிட்டர், ஒரு லிட்டர்கூடக் குறையலாம். பெரும்பாலான சின்ன வண்டிகளில் ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருப்பதே ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். பழைய ஆயில் எஞ்சினை மெதுவாகத் தேய்க்கும். குறைந்த ஆயில், மலைப்பாதையின் ஒரு வளைவில் பம்புக்கு எட்டாமல் போய், ஒரே நாளில் பேரிங்கைத் தின்றுவிடும். சமதரையில் வண்டியை நிறுத்தி, பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். பிறகு ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஒவ்வொரு நெடும்பயணத்துக்கு முன்னும் அதைச் செய்யாத டிரைவர், ஐயாயிரத்துக்கு ஒரு தடவை மாற்றினாலும் பலனில்லை.

வடித்த ஆயில் எங்கே போகிறது என்பதையும் விட்டுவிட முடியாது. ஒர்க்‌ஷாப் மூலையில் ஒரு பேரல் இருக்கிறது. அதிலிருந்து கான்கிரீட் சென்ட்ரிங் பலகைக்குத் தடவவும், வேலிக்கால் மரத்தைக் கரையான் அரிக்காமலிருக்கப் பூசவும் கேட்டு வாங்கிப் போகிறார்கள். மழை பெய்தால் அது மண்ணுக்குள் இறங்கும். சட்டப்படி அது அபாயக் கழிவு. 2024 ஏப்ரலிலிருந்து பழைய ஆயிலைத் திரும்பச் சேகரித்துச் சுத்திகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மேல் வைத்திருக்கிறது புதிய விதி. எங்கள் தெருக்கோடி வரை அது வந்து சேர இன்னும் நாளாகும் போலிருக்கிறது. அண்ணனின் வண்டி சேம்பர் ஏழு லிட்டரை ஒட்டிப் பிடிக்கும். பயத்தில் ஐயாயிரத்துக்கு ஒரு தடவை மாற்றிய காலத்தில் வருடத்துக்கு எத்தனை லிட்டர் மண்ணில் இறங்கியிருக்கும் என்று நினைத்தால், மாற்ற வேண்டிய நேரத்துக்கு முன்னால் மாற்றுவதும் ஒரு தவறுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது எங்கள் இருவரின் பழக்கமும் மாறிவிட்டது. அவர் அந்தக் கார்த்திகைக்கு முன்பே ஐயாயிரத்தை விட்டுப் பத்தாயிரத்துக்குப் போயிருந்தார். மிச்சமான பணத்தில் கையேடு சொல்லும் தரத்தில் நல்ல ஆயில் வாங்குகிறார், டிக்கியில் ஒரு லிட்டர் கேன் எப்போதும் இருக்கிறது. நான் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன், கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு வரை ஒரு தடவை போய்வருகிறேன், சேம்பருக்குள் சேர்ந்த ஈரம் காயட்டும் என்று. பால் வாங்க நடந்தே போகிறேன்.

சர்வீஸ் ஸ்டிக்கரில் அடுத்த ஆயில் மாற்றத்துக்குக் கிலோமீட்டர் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அன்று மெக்கானிக் டாக்ஸியின் ஸ்டிக்கரில் எண்ணைப் போட்டு ஒட்டினார். என் வண்டியிடம் வந்து, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்தக் கட்டத்தில் “வைகாசி” என்று எழுதினார்.